புல் அப் 6, தண்டால் 25: அடுத்து எதை இலக்காக வைப்பது?

செந்தூல்வாசி:

அனைவருக்கும் வணக்கம். உடல் எடையை மட்டும் வைத்துப் பலப் பயிற்சி செய்கிறேன். எங்கள் பிளாட்டுக்குக் கீழே உள்ள திடலில் புல் அப் (தொங்கியபடி தாடை கம்பிக்கு மேல் வரும் வரை உடலை இழுப்பது) செய்ய ஒரு கம்பியும், டிப்ஸ் (இரண்டு கம்பிகளில் கையூன்றி உடலை இறக்கி ஏற்றுவது) செய்யக் கம்பியும் இருக்கின்றன. ஜிம்முக்குப் போகும் எண்ணம் இல்லை. வயது 34, உயரம் 176 செ.மீ., எடை 78 கிலோ. இப்போதைய கணக்கு: புல் அப் 6, டிப்ஸ் 8, தண்டால் 25, பஸ்கி 50. வாரத்தில் மூன்று மாலை, ஒவ்வொரு மாலையும் 50 நிமிடம் ஒதுக்க முடியும்.

டிசம்பருக்குள் மசில் அப் (தொங்கி இழுத்து, அப்படியே கம்பிக்கு மேலே கையூன்றி எழுவது), பிளாஞ்ச் (தரையில் கையை மட்டும் ஊன்றி உடலைப் படுக்கையாக நிறுத்துவது), ஹியூமன் ஃபிளாக் (கம்பத்தைப் பிடித்து உடலைக் கொடி போலப் பக்கவாட்டில் நிறுத்துவது), பிஸ்டல் ஸ்குவாட் (ஒற்றைக் காலில் முழுவதும் உட்கார்ந்து எழுவது) நான்கும் வர வேண்டும் என்று எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு மாலையும் நான்கையும் கொஞ்சம் முயற்சி செய்வேன். மீதி நேரத்தில் கை ஓயும் வரை தண்டால், கால் ஓயும் வரை பஸ்கி. பல வாரமாக ஒரு எண்ணும் நகரவில்லை.

இந்த நான்கில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது? ஓர் இலக்கு எனக்குத் தகுந்ததுதானா என்று எதை வைத்து முடிவு செய்வது? தைப்பூசத்துக்கு விரதம் இருப்பேன், அந்த வாரங்களில் பயிற்சியை என்ன செய்வது? இன்னொன்று: புல் அப் செய்த மறுநாள் முழங்கையின் உள்பக்கம் லேசாக வலிக்கிறது.

கம்பிப்பிடி:

வணக்கம் ப்ரோ. நீங்கள் எழுதி ஒட்டியிருக்கும் நான்கும் ஒரே தூரத்தில் இல்லை. மசில் அப், இப்போது இருக்கும் பலத்திலிருந்து ஓரிரு படி தள்ளி இருக்கிறது. பிஸ்டலில் கால் பலம் பாதி, கணுக்கால் வளைவும் சமநிலையும் மீதி. ஹியூமன் ஃபிளாக்கில் மேல் கை இழுக்க, கீழ்க் கை தள்ள, முழு உடலும் பக்கவாட்டில் இரண்டு தோள்களை நம்பி நிற்கிறது; புல் அப் 6 என்ற நிலையில் இருக்கும் தோளை அதில் மாட்டக் கூடாது. பிளாஞ்ச் பல ஆண்டு வேலை. கையை மடக்காமல், தோளைக் கைக்கு முன்னால் சாய்த்து, காலைத் தரையிலிருந்து தூக்கி உடலைப் படுக்கையாக நிறுத்த வேண்டும். அந்தச் சுமையைத் தாங்குவது முன் தோள் தசை, முழங்கையில் தசையை எலும்போடு இணைக்கும் தசைநார், மணிக்கட்டு. எல்லாம் சிறிய பாகங்கள். உயரமும் கால் எடையும் கூடும்போது நெம்புகோல் நீண்டு தோளுக்கு வரும் திருப்புவிசை ஏறுகிறது. 160 செ.மீ., 58 கிலோ உள்ள ஒருவர் வீடியோவில் காட்டும் வேகம் உங்கள் உடம்புக்கு அளவுகோல் ஆகாது.

எதை வைத்து முடிவு செய்வது என்று கேட்டீர்கள். நான் முதலில் கேட்பது இதுதான்: அந்த இலக்கு கடைசிவரை கைகூடாமலே போனாலும், அதற்காகச் செய்த பயிற்சி உடம்பில் எதை விட்டுப் போயிருக்கும்? மசில் அப்புக்குத் தயாராவது என்றால் மார்பு கம்பியைத் தொடும் புல் அப்பும் ஆழமான டிப்ஸும். மசில் அப் வராமலே போனாலும் முதுகும் மார்பும் கையும் முன்பைவிடப் பலமாக இருக்கும், அதனால் அந்த உழைப்பு வீணில்லை. ஃபிளாக்குக்காக ஆறு மாதம் கம்பத்தில் குதித்து ஒட்டிப் பார்ப்பதில் மிஞ்சுவது பெரும்பாலும் தோள் வலி.

அடுத்தது, அந்த வேலையின் எளிய வடிவம் இன்று உங்கள் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். எளிய வடிவத்தைச் சுத்தமாக 5 முறை செய்யவோ 10 வினாடி பிடிக்கவோ முடியவில்லை என்றால் அந்த எளிய வடிவம்தான் இப்போதைக்கு இலக்கு. பெரியது அதற்குப் பின்னால் தானாக வந்து நிற்கும்.

மூன்றாவதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். அளவு, வேறொருவர் பார்த்து ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று சொல்லும்படி இருக்க வேண்டும். ‘புல் அப் 10’ என்று மட்டும் எழுதினால் போதாது. கை முழுவதும் நீண்ட தொங்கலில் தொடக்கம், கால் உதறல் இல்லை, தாடை கம்பிக்கு மேல், இறங்கும்போது விழாமல் இறங்குவது, மறுபடி கை முழுவதும் நீள்வது. இப்படி எழுதி, போனைப் பக்கவாட்டில் வைத்துப் படம் எடுங்கள். அரை இறக்கத்தில் எண்ணிய 6, இந்த விதியில் 4 ஆகலாம். ஆனால் அந்த 4தான் உண்மையான தொடக்கம். கீழே உள்ள எண்களையும் அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளுங்கள்.

12 வாரத்துக்கு இழுப்பில் ஒன்று, தள்ளலில் ஒன்று, காலில் ஒன்று, மூன்று போதும். இழுப்பு: மேலே சொன்ன விதிப்படி புல் அப் 10. தள்ளல்: மேல்கை தரைக்கு இணையாகும் வரை இறங்கும் டிப்ஸ் 14. கால் விஷயத்தை என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் இங்கே இருக்கிறார்கள், அவர்களிடம் விடுகிறேன்.

புல் அப்பை 5 செட் (சுற்று), செட்டுக்கு 4 முறை என்று தொடங்குங்கள். 6 வரும் கை 4-இல் நிறுத்தினால் இன்னும் இரண்டு மிச்சம் இருக்கும், அந்த மிச்சம் வேண்டும். ஒவ்வொரு மாலையும் ஏதாவது ஒரு செட்டில் மட்டும் ஒன்று கூட்டுங்கள்: 5, 4, 4, 4, 4, அடுத்த மாலை 5, 5, 4, 4, 4. ஐந்தும் 5 ஆனதும் இதே போல 6-க்கு ஏறுங்கள். ஐந்து செட்டும் 6 என்று வந்துவிட்டால், ஓய்வெடுத்துச் சோதிக்கும்போது 9 அல்லது 10 வருவது வழக்கம். செட்டுகளுக்கு இடையே 3 நிமிடம். நேரம் போதவில்லை என்றால் ஒரு புல் அப் செட், ஒன்றரை நிமிடம், ஒரு டிப்ஸ் செட், ஒன்றரை நிமிடம் என்று மாற்றி மாற்றிச் செய்யுங்கள். ஒரு தசை வேலை செய்யும்போது மற்றது ஓய்வெடுக்கிறது, அரை மணிக்குள் இரண்டும் முடிந்துவிடும். டிப்ஸ் 4 செட், செட்டுக்கு 5 என்று தொடங்கி அதே முறையில் ஏறுங்கள். நான்காவது வாரமும் எட்டாவது வாரமும் செட்டுகளைப் பாதியாக்குங்கள். பன்னிரண்டாவது வாரம் இரண்டு நாள் முழு ஓய்வுக்குப் பிறகு ஒரே ஒரு முறை சோதனை. வாரா வாரம் ‘இன்று எத்தனை வரும்’ என்று பார்ப்பது அந்த மாலைப் பயிற்சியைத் தின்றுவிடும்.

எண்கள் நகராததற்குக் காரணம் நீங்கள் எழுதியதிலேயே இருக்கிறது. நான்கு கடினமான வேலைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக முயன்றால் எந்தத் தசைக்கும் போதுமான வேலை சேராது. பிறகு ஓயும் வரை தண்டால். தண்டாலில் கை சுமப்பது உடல் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, உங்களுக்குச் சுமார் 50 கிலோ. அதை 25 முறை தள்ளும் கைக்கு அது இப்போது இலேசான சுமை. 25-ஐ 40 ஆக்கினால் தாக்குப்பிடிக்கும் திறன் வளரும், பலம் அதிகம் வளராது. காலைப் பெஞ்சில் வையுங்கள், அல்லது கையை இடுப்புப் பக்கம் தள்ளி ஊன்றி மூன்று வினாடியில் இறங்குங்கள். 6-இலிருந்து 12 வரைக்குள் முடியும் அளவுக்குக் கடினமாக்கினால்தான் அது பலப் பயிற்சி. முதுகில் பையை மாட்டிச் செய்வதும் நல்ல வழி. 5 கிலோ அரிசிப் பொட்டலம் ஒன்றைத் துண்டில் சுற்றி வைத்தால் அசையாது.

தேதியைப் பற்றி ஒரு வார்த்தை. டிசம்பரில் மசில் அப் வருமா என்பது உங்கள் கையில் இல்லை. பன்னிரண்டு வாரத்துக்கு 36 மாலை என்பது உங்கள் கையில் இருக்கிறது. நம் ஊரில் மாலை மழை சிலவற்றைப் பிடுங்கும், 32 கிடைத்தாலே நல்ல தேர்ச்சி. சுவரில் ஒட்டுவதாக இருந்தால் அந்த 32-ஐ ஒட்டுங்கள்.

காலைக்கம்பி:

கம்பிப்பிடி அண்ணன் சொன்னதில் பெரும்பகுதி சரி, ஆனா ஒரு இடத்துல நான் ஒத்துக்க மாட்டேன். எண்ணிக்கையை மட்டும் இலக்கா வச்சா நிறைய பேர் ஏழாவது எட்டாவது வாரத்துல விட்டுடுறாங்க. பார்க்க ஆசையா இருக்கிற ஒரு வேலை கூடவே இருக்கணும். அதை இழுப்புப் பக்கம் தேர்ந்தெடுத்தா எண்ணிக்கை இலக்குக்கும் அது உதவும்.

பிளாஞ்சை எடுத்துட்டு அந்த இடத்துல ஃபிரன்ட் லீவரை வைங்க ப்ரோ. கம்பியில தொங்கி, முகம் மேலே பார்க்க, உடம்பைத் தரைக்கு இணையா நிறுத்துறதுதான் அது. அதுவும் நேரான கைதான், அதுவும் நெம்புகோல்தான், ஆனா வேலை செய்றது முதுகுப் பக்கத்து அகலத் தசை. முன் தோளைவிட அது ரொம்பப் பெரிசு. அதனால முதல் படிகள் சீக்கிரம் கிடைக்கும். வரிசை இப்படி: முழங்காலை மார்போட ஒட்டி முதுகைத் தரைக்கு இணையா நிறுத்துறது, அதுல 15 வினாடி வந்ததும் முதுகு வட்டமா இல்லாம தட்டையா, தொடை உடம்புக்குச் செங்குத்தா, அப்புறம் ஒரு கால் மட்டும் நீட்டி, அப்புறம் ரெண்டு காலும் அகலமா நீட்டி, கடைசியா கால் சேர்த்து முழுசு. ஒரு படியில 10 முதல் 15 வினாடி சுத்தமா பிடிக்க முடிஞ்சாத்தான் அடுத்தது. உயரமான ஆளுக்கு ரெண்டாவது படியிலயே நிறைய மாசம் ஆகும், அது இயல்பு.

அளவு: அதிகபட்சமா 12 வினாடி பிடிக்க முடியும்னா, பயிற்சியில 6 வினாடியா 6 தடவை பிடிங்க. பாதியில நிறுத்தினா வடிவம் கெடாது, மொத்தமா 36 வினாடி சேரும். புல் அப்புக்கு முன்னாடியே இதைச் செய்யணும். அப்புறம் செஞ்சா இடுப்பு தொய்ஞ்சு போகும், தோள் காதுகிட்ட ஏறிடும், அந்த வடிவம் உடம்புல பதிஞ்சுடும். இன்னொரு தப்பு, முழங்கை லேசா மடங்குறது. மடங்கினா சுமை கைக்குப் போயிடும், முதுகு தப்பிச்சுக்கும். 12 வாரத்துக்கு இலக்கு: ரெண்டாவது படி 10 வினாடி.

மசில் அப் பத்தியும் சொல்லிடுறேன். அது வரணும்னா முதல்ல மார்புக்குக் கீழ்ப்பகுதி கம்பியைத் தொடுற புல் அப் 5, அப்புறம் நேர்க் கம்பி மேலேயே டிப்ஸ் 8 முதல் 10. ரெண்டு பக்கக் கம்பியில டிப்ஸ் நல்லா வர்றவருக்கும் நேர்க் கம்பியில உடம்பு முன்னாடி சாயும், அது தனிப் பழக்கம். இது ரெண்டும் இல்லாம உதறி ஏறினா ஒரு முழங்கை முதல்ல மேலே வந்து, மறுபக்கம் பின்னால மாட்டிக்கும். அப்படி ஏறுறதைக் கொண்டாடாதீங்க. தோளும் முழங்கையும் அடிபடுறது அந்த ஒரு நொடியிலதான். கம்பியை நேரா கீழே இழுக்காம, முதல்ல உடம்பைக் கொஞ்சம் பின்னால விட்டு, இடுப்பை நோக்கி வளைவா இழுக்கணும்.

ஹேண்ட்ஸ்டாண்ட் (கையூன்றித் தலைகீழா நிக்கிறது) ஆசை இருந்தா அதைப் பலக் கணக்குல சேர்க்காதீங்க. அது திறமை. களைப்பு இல்லாத நேரத்துல, சுவரைப் பார்த்தபடி, 10 நிமிஷம், வாரத்துல நாலு அஞ்சு நாள். அதுக்கு இலக்கு வினாடி இல்ல, நாள்தான்.

செந்தூல்வாசி:

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. நான்கையும் ஒரே எடையில் பார்த்ததுதான் சிக்கல் என்று புரிகிறது. ஃபிரன்ட் லீவரும் புல் அப்பும் ஒரே மாலையில் என்றால், ஏற்கனவே வலிக்கும் முழங்கைக்கு அது கூடுதல் சுமை ஆகாதா? திடலில் உள்ள கம்பி கொஞ்சம் தடித்தது, விரல் முழுவதும் சுற்றி வரவில்லை. அதுவும் ஒரு காரணமா?

பிசியோ_பெட்டாலிங்:

கம்பி ஒரு காரணமாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. விரலை மடக்கும் தசைகள் முழங்கையின் உள்பக்க எலும்பு முனையில்தான் தொடங்குகின்றன. 28 முதல் 32 மி.மீ. கம்பியில் விரல் நன்றாகச் சுற்றிக்கொள்ளும். பொது இடங்களில் பதிக்கும் குழாய்கள் அதைவிடத் தடிமனாக இருப்பது சாதாரணம். அதில் பிடி நழுவாமல் இருக்க அந்தத் தசைகள் தொடர்ந்து இறுக்கிப் பிடிக்கின்றன. வியர்வை சேர்ந்தால் இன்னும் இறுக்கம். முதுகு களைப்பதற்கு முன்பே முன்கை களைத்து, அந்த எலும்பு முனையில் தசைநார் எரிச்சல் அடைகிறது. உள்ளங்கை முகத்தைப் பார்க்கும் சின் அப்பை நேர்க் கம்பியில் அதிகம் செய்வதும், ஒரே வாரத்தில் எண்ணிக்கையை இரட்டிப்பாக்குவதும் அடுத்த காரணங்கள்.

தசை சில வாரங்களில் பலப்படும். தசைநாருக்கு மாதங்கள் ஆகும். ‘இன்னும் தூக்க முடியுமே’ என்று தசை சொல்லும் நேரத்தில் தசைநார் இன்னும் பின்தங்கியே இருக்கும். அதனால் இலக்கு வைக்கும்போதே மூட்டுக்கும் ஒரு வரி எழுதுங்கள். வலியை 0 முதல் 10 வரை மதிப்பிடுங்கள். பயிற்சியின்போது 3-க்குள் இருந்து மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் தொடரலாம். 3-ஐத் தாண்டினாலோ காலையிலும் மிஞ்சியிருந்தாலோ அடுத்த முறை இழுப்புச் செட்டுகளை மூன்றில் ஒன்று குறையுங்கள். முழுவதும் நிறுத்திவிட்டு இரண்டு வாரம் கழித்துப் பழைய அளவிலேயே தொடங்குவதுதான் மோசமான வழி. ஓய்வில் வலி போகும், ஆனால் தசைநார் தாங்கும் சக்தியும் கூடவே குறையும்.

கூடவே மேசை விளிம்பில் முன்கையை வைத்து, உள்ளங்கை மேலே பார்க்க, 2 கிலோ எடையை மறு கையால் மேலே தூக்கிக் கொடுத்து, வலிக்கும் கையால் மட்டும் நான்கு வினாடியில் இறக்குங்கள். 15 முறை, 3 செட், ஒருநாள் விட்டு ஒருநாள். 1.5 லிட்டர் தண்ணீர்ப் போத்தலும் போதும். முதல் நான்கு வாரம் ஃபிரன்ட் லீவரை இரண்டு மாலை மட்டும் வையுங்கள்.

கம்பியை மாற்ற முடியாது என்றால் மர ரிங்ஸ் (பட்டையில் தொங்கும் வளையங்கள்) ஒரு ஜோடி வாங்கி அதே கம்பியில் தொங்கவிடுங்கள். ரிங்ஸில் மணிக்கட்டு தானாகத் திரும்பிக்கொள்வதால் முழங்கைக்கு நிம்மதி. 28 அல்லது 32 மி.மீ. தடிமன் நல்லது. பட்டையில் எண்கள் அச்சிட்டதாக இருந்தால் இரண்டு பக்கமும் ஒரே உயரம் வைப்பது எளிது. பட்டையை வெயிலில் தொங்கவிட்டு வராதீர்கள். வெயில் நைலானைத் தின்னும், தையல் ஓரம் பிசிறுகிறதா என்று அவ்வப்போது பார்க்க வேண்டும்.

மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போனால் அது தசைநார் விஷயம் இல்லை, அந்தப் பக்கம் ஓடும் நரம்பாக இருக்கலாம். அப்போது இங்கே கேட்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மலர்_கெப்போங்:

இடையில் ஒரு கேள்வி. நீங்கள் எல்லாரும் 6, 10 என்று பேசுகிறீர்கள். எனக்கு ஒரு புல் அப்கூட வராது. 62 கிலோ, 158 செ.மீ. தொங்கினால் 20 வினாடி நிற்பேன். கம்பியில் ரப்பர் பேண்ட் மாட்டி, அதில் காலை வைத்துச் செய்தால் 8 வருகிறது. ஆனால் எவ்வளவு செய்தும் பேண்டைக் கழற்றினால் அசைவே இல்லை. எனக்கு எது இலக்கு?

கம்பிப்பிடி:

உங்களுக்கு இலக்கு சுத்தமான ஒரே ஒரு புல் அப்தான் மலர். இந்தத் திரியில் உள்ள இலக்குகளிலேயே மதிப்பு மிக்கது அது என்பேன். பூஜ்யத்திலிருந்து ஒன்றுக்குப் போவது ஆறிலிருந்து பத்துக்குப் போவதைவிடக் கடினம்.

பேண்ட் ஏன் ஏமாற்றுகிறது என்றால், அது அதிகம் இழுபட்டிருக்கும் அடிப்பகுதியில்தான் அதிகம் தூக்கிவிடுகிறது. மேலே போகப் போகத் தளர்ந்து உதவி குறைகிறது. தொங்கலிலிருந்து கிளம்பும் அந்த முதல் அசைவை உங்கள் முதுகு இதுவரை தனியாகச் செய்ததே இல்லை. அதனால்தான் பேண்டைக் கழற்றியதும் அசைவு இல்லை. இரண்டு முனையையும் தனித்தனியாகப் பலப்படுத்த வேண்டும்.

அடிப்பகுதிக்கு: கை மடக்காமல் தொங்கி, தோள்பட்டை எலும்பை மட்டும் கீழே இழுத்து உடம்பைச் சில சென்டிமீட்டர் உயர்த்தி இறக்குங்கள். 8 முறை, 3 செட். மேற்பகுதிக்கும் நடுவுக்கும்: உயரமான பெஞ்சிலோ படியிலோ ஏறித் தாடையைக் கம்பிக்கு மேல் வைத்து, 5 வினாடி எண்ணியபடி கை முழுவதும் நீளும் வரை இறங்குங்கள். 3 முறை, 3 செட். பலரும் முதல் பாதியை மெதுவாக இறங்கிவிட்டு, முழங்கை செங்கோணத்தைத் தாண்டியதும் பொத்தென்று விழுகிறார்கள். உங்களுக்குத் தேவையான பலமே அந்த இரண்டாம் பாதியில்தான் இருக்கிறது. பிறகு இடுப்பு உயரக் கம்பிக்குக் கீழே சாய்ந்து மார்பைக் கம்பிக்கு இழுப்பது, 8 முதல் 10 முறை, 3 செட். எளிதானால் காலை இன்னும் முன்னால் நகர்த்துங்கள்.

வாரம் இரண்டு நாள் போதும், மூன்று அதிகபட்சம். இறங்கும் பயிற்சி தசையை அதிகம் நோகச் செய்யும். ஆர்வத்தில் ஒரே நாளில் 30 முறை இறங்கினால் மூன்று நாள் கை நீளாது. படிக்கற்கள் இவை: தொங்கல் 40 வினாடி; தாடை மேலே 15 வினாடி; 8 வினாடி இறக்கம் தொடர்ந்து 5 முறை. கடைசியது வந்த பிறகு, வாரம் ஒரு முறை, உடம்பு சூடானதும் ஒரு முயற்சி. முதலில் சின் அப் பிடியில் முயலுங்கள், மேல்கையின் முன்பக்கத் தசையும் சேர்ந்து உதவும். மாதங்கள் ஆகலாம், அதற்குள் படிக்கற்களை ஒவ்வொன்றாகக் கடப்பதே போதுமான செய்தி.

காலைக்கம்பி:

விரதம் பத்தி யாரும் இன்னும் சொல்லல. பலம் வளர்க்கிறதுக்கு வேண்டிய வேலையைவிட, இருக்கிற பலத்தைக் காப்பாத்துறதுக்கு ரொம்பக் கம்மி போதும். 21 நாளோ 48 நாளோ, அந்த வாரங்களுக்கு இலக்கை மாத்தி எழுதுங்க: எண் ஏறணும்னு இல்ல, இறங்கக் கூடாது. செட்டை மூணுல ஒண்ணா குறைங்க, கடினத்தைக் குறைக்காதீங்க. 5 செட் செஞ்சவர் 2 செட் செய்யலாம், ஆனா அதே 5, 5. பலர் தலைகீழா, கடினத்தைக் குறைச்சு எண்ணிக்கையைக் கூட்டுவாங்க, அதுல பலமும் போகும், களைப்பும் சேரும். ஒரு வேளைச் சாப்பாடுன்னா பயிற்சியை அதுக்கு ஓரிரு மணி நேரம் முன்னாடி வைங்க. தண்ணியை விடாதீங்க.

மத்த நாள்ல புரதம் ஒரு கிலோ எடைக்கு 1.6 கிராம் நல்ல குறி, உங்களுக்கு 125 கிராம் பக்கம். ரொட்டி சானாயும் (நம்ம பரோட்டா) தே தாரிக்கும் (பால் டீ) அதுல பெரிசா எதுவும் போடாது. முட்டை ஒண்ணுக்கு 6 கிராம், தெம்பே (புளிக்க வச்ச சோயா கட்டி) 100 கிராமுக்கு 19 வரைக்கும். விரதத்துல தெம்பே, பருப்பு, பால், தயிர் நாலும் சேர்ந்தா ஓரளவு ஒப்பேத்தலாம். எடையில 2, 3 கிலோ குறைஞ்சா புல் அப் ஒண்ணு ரெண்டு தானா ஏறும், ஆனா அதுக்காக வேகமா இறக்காதீங்க. வாரம் 300, 400 கிராமுக்கு மேல போனா பலமும் சேர்ந்து இறங்கும்.

காவடி எடுக்கிறதா இருந்தா கடைசி வாரம் கால் பயிற்சியை அப்படியே விட்டுடுங்க. பத்துமலை முருகன் கோயில் படி 272-ம் அதுக்கு முன்னாடி நடக்கிற தூரமும் போதும்.

தொடைபலம்:

காலை என்னிடம் விட்டதற்கு நன்றி. பஸ்கி 50 என்றால் கால் தாக்குப்பிடிக்கிறது, ஆனால் பலம் நின்றுவிட்டது. தண்டாலுக்குச் சொன்ன அதே விஷயம்தான்.

பிஸ்டலுக்குப் போகுமுன் ஒரு சோதனை. சுவரைப் பார்த்து நின்று, கட்டைவிரலைச் சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளி வைத்து, குதிகால் எழாமல் முழங்காலால் சுவரைத் தொடுங்கள். தொட முடியவில்லை என்றால் கணுக்கால்தான் தடை. எவ்வளவு பலம் இருந்தாலும் பிஸ்டலில் குதிகால் எழும், உடம்பு பின்னால் சாயும். அப்படியானால் ஒவ்வொரு பயிற்சிக்கும் முன் அதே சுவர் அசைவு, பக்கத்துக்கு 15 முறை.

தொட முடிந்தால் 45 செ.மீ. உயரப் பெஞ்சில் ஒற்றைக் காலில் மூன்று வினாடியில் உட்கார்ந்து எழுங்கள், 5 முறை, 3 செட். 5 கிலோவைக் கை நீட்டி முன்னால் பிடித்தால் சமநிலை எளிதாகும். எடை கூடியும் எளிதாகும் அபூர்வமான பயிற்சி இது. பெஞ்சை 40, 30 என்று இறக்கிக்கொண்டே போங்கள். முழங்கால் உள்பக்கம் விழுந்தால் அந்த உயரத்திலேயே நில்லுங்கள். 12 வார இலக்கு: 30 செ.மீ. உயரத்தில் பக்கத்துக்கு 5.

பிஸ்டல் தராதது பின்தொடை. அதைச் சேர்க்காத கால் திட்டம் அரைகுறை. குதிகாலுக்குக் கீழே துணி வைத்து, வழவழப்பான தரையில் மல்லாந்து இடுப்பைத் தூக்கியபடி காலை மெதுவாக நீட்டி மடக்குங்கள், 8 முறை, 3 செட். இடுப்பு கீழே போய்விட்டால் அந்த முறை கணக்கில் இல்லை. நீட்டுவது மட்டும் நான்கு வினாடி, மடக்கும்போது வேண்டுமானால் இடுப்பை இறக்கிக்கொள்ளலாம் என்று தொடங்கி, இரண்டு மூன்று வாரத்தில் முழுசாக மாற்றுங்கள். இதைத் திடலில் செய்ய முடியாது. வீட்டு ஓடு தரையில் வாரம் இரண்டு முறை தனியாக வைத்துக்கொண்டால் மாலைப் பயிற்சியிலும் பத்து நிமிடம் மிச்சமாகும்.

செந்தூல்வாசி:

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். திங்கள், புதன், வெள்ளி. முதலில் ஃபிரன்ட் லீவர் முதல் படி 6 வினாடி 6 தடவை, முதல் நான்கு வாரம் திங்களும் வெள்ளியும் மட்டும். பிறகு புல் அப்பும் டிப்ஸும் மாற்றி மாற்றி, கடைசியில் பெஞ்சில் ஒற்றைக் கால் பயிற்சி. இன்று போன் வைத்து எடுத்துப் பார்த்ததில், விதிப்படி புல் அப் 5தான். ஆகவே 5 செட், செட்டுக்கு 3 என்று தொடங்கினால் சரியா?

கம்பிப்பிடி:

சரி. 3-இல் தொடங்கி ஐந்து செட்டும் 5 ஆகும் வரை ஏறுங்கள், இலக்கை 10-இலிருந்து 8 ஆக்கிவிடுங்கள். மழை நின்ற உடனே தொங்காமல் கம்பியைத் துண்டால் துடைத்துவிட்டுப் பிடியுங்கள். ஈரக் கம்பியில் கைக்கு வேலை கூடி அந்த முழங்கைதான் மறுபடி சுமக்கும்.